முதியோர் கல்வியும் சமுதாயக் கல்லூரியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிற விஷயம் முதியோர் கல்வி. இந்த வார்த்தையைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று உடனே ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக் கொள்ளுவார்கள். இப்படிச் சொல்லுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஐந்து வயதில் பள்ளிக்கூடமும் உபாத்தியாயரும் மத்தியானச் சோறும் கிடைத்து, வளைவதற்குச் சௌகரியம் இருந்தவராக இருப்பார். அவை ஒன்றும் கிடைக்காமல் மாடு மேய்த்தவனைப் பார்த்து, 'நீ வளையவில்லை' என்று குற்றம் சொல்லுவது எந்த ஊர் நியாயம்? அன்றியும், இது மூங்கிலுக்குச் சொன்ன வார்த்தை. மனிதனுக்குப் பொருந்துமா என்பதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டுமே ஒழிய, முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்று தலையாட்டுவது அறிவுடைமையாகாது.

அந்தப் பரீட்சையைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடுகளில் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே வயது வந்தவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிற வேலையைக் கல்லூரிகளே செய்கின்றன. அந்தக் கல்லூரிகளுக்குச் சமுதாயக் கல்லூரி என்று பெயர். அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் எழுத்தறியாதவர்கள் ஏது என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஆகாயத்தை முட்டும் மாளிகைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, அந்த நாட்டில் எல்லாரும் மேதாவிகள் என்று நம்மவர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். 2023 ஆம் ஆண்டில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் எடுத்த அளவீட்டின்படி, அந்நாட்டில் 16 வயது முதல் 65 வயது வரையுள்ளவர்களில் 100 க்கு 28 பேர் வாசிப்புத் திறனில் முதல் படியிலோ அதற்கும் கீழேயோ இருக்கிறார்கள். 2017 இல் இது 19 ஆக இருந்தது. இவர்கள் எல்லாரும் அட்சரமே தெரியாதவர்கள் என்று அர்த்தமல்ல. மருந்துப் புட்டியின் சீட்டையோ, வீட்டு வாடகைப் பத்திரத்தையோ படித்து, அதில் எழுதியிருப்பதற்கும் எழுதாமல் விட்டிருப்பதற்கும் வித்தியாசம் காண முடியாதவர்கள் என்று கொள்ளலாம். ஏமாற்றுகிறவனுக்கு இவர்கள்தான் விளைநிலம்.

இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? கடவுள் விட்ட வழி என்று அங்கேயும் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விட்டவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. தென் கரோலினாவில் 1740 ஆம் ஆண்டிலேயே அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதைக் குற்றமாக்கி, கற்றுக் கொடுத்தவனுக்கு 100 பவுன் அபராதம் என்று சட்டம் செய்தார்கள். வட கரோலினாவில் 1830 - 31 இல் செய்த சட்டம் இன்னும் விசேஷமானது. அடிமைக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தவன் வெள்ளையனாயிருந்தால் அபராதம் அல்லது சிறை. அவனே சுதந்திரமுள்ள கறுப்பனாயிருந்தால் அவற்றோடு 20 முதல் 39 வரை கசையடியும் கொடுக்கலாம். இன்னொரு அடிமையாயிருந்தால் 39 கசையடி. குற்றம் ஒன்று, தண்டனை ஆளுக்குத் தக்கபடி! நம் நாட்டுத் தர்ம சாஸ்திரங்களைக் கொஞ்சமாவது கேள்விப்பட்டவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. படிப்பு ஏறாத மூளைக்கு யாராவது சட்டம் போட்டுப் பூட்டு மாட்டுவார்களா? ஏறிவிடும் என்று தெரிந்துதானே பூட்டினார்கள்!

1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. ஆயினும் பூட்டு வேறு உருவத்தில் தொங்கியது. ஓட்டுரிமை வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரியின் முன் படித்துக் காட்ட வேண்டும் என்று தெற்கத்திய மாகாணங்கள் விதி செய்தன. பள்ளிக்கூடத்தையும் சரியாகக் கொடுக்காமல், படித்துக் காட்டினால்தான் ஓட்டு என்றால் அதற்கு என்ன பெயர்?

இதற்குப் பதில் சொன்ன விதத்தைக் கேளுங்கள். தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஓரிடம். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்ற கறுப்பர் ஒருவர், தீவு ஜனங்களைத் தம் பஸ்ஸில் சார்ல்ஸ்டன் நகரத்து வேலைக்கு ஏற்றிக் கொண்டு போகும்போதே, ஓட்டுக்காகக் கேட்கும் சட்டப் பகுதியைச் சொல்லிக் கொடுத்துக் கொண்டு போவார். செப்டிமா கிளார்க் என்ற அம்மையார் ஏறக்குறைய 40 வருஷம் உபாத்தியாயினியாக இருந்தவர். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பதை விட மாட்டேன் என்றதற்காக 1956 இல் அவர் வேலையைப் பிடுங்கிக் கொண்டார்கள். இவர்கள் சேர்ந்து 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டில் இரவுப் பள்ளியைத் தொடங்கினார்கள். முன்கட்டில் கடை இருந்தால் வெள்ளையர் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது ஏற்பாடு. முதல் ஆசிரியையாகப் பெர்னீஸ் ராபின்சன் என்ற அம்மாளை அமர்த்தினார்கள். அவர் பெண்களுக்குத் தலைமுடி அலங்காரம் செய்து பிழைத்தவர். உபாத்தியாயப் பயிற்சி ஒன்றும் இல்லாதவர். வேண்டுமென்றேதான் அப்படி ஒருவரைத் தேடினார்கள். பயிற்சி பெற்ற உபாத்தியாயர்களுக்குப் பெரியவர்களைக் குழந்தைகளைப் போல் மிரட்டும் பழக்கம் வந்துவிடுகிறது என்பது அவர்கள் அபிப்பிராயம். அந்த அம்மாள் வந்தவர்களிடம், 'உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?' என்று முதலில் விசாரித்தார். அவர்கள் கேட்டது, தங்கள் பெயரைக் கையெழுத்துப் போட வேண்டும், கடிதம் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்பதே. அதுதான் பாடத்திட்டமாயிற்று. இந்தப் பள்ளிகள் தெற்கு முழுவதும் பரவின. 1965 இல் வந்த வாக்குரிமைச் சட்டம் அந்த மாகாணங்களில் எழுத்தறிவுப் பரீட்சையை நிறுத்தி வைத்தது; 1970 இல் நாடு முழுவதுக்கும் அந்தத் தடையை நீட்டினார்கள்.

கறுப்பர்களுக்கு மாத்திரந்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். கென்டக்கி மலைப்பிரதேசத்து ஏழை வெள்ளையர்களும் எழுத்தறியாமல்தான் கிடந்தார்கள். அங்கே ரோவன் ஜில்லாவின் பள்ளிக்கூட மேற்பார்வையாளராயிருந்த கோரா வில்சன் ஸ்டூவர்ட் என்ற அம்மையார், 1911 செப்டம்பரில் நிலா வெளிச்சமுள்ள இரவுகளில் பெரியவர்களுக்குப் பள்ளி நடத்துவது என்று தீர்மானித்தார். மலைப்பாதையில் இருட்டில் வர முடியாதாகையால் நிலாக் காலம். 150 பேர் வந்தால் பெரிய காரியம் என்று எதிர்பார்த்தார்கள். முதல் நாள் இரவில் வந்தவர்கள் 1,200 பேர். குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொடுத்தால் பெரியவர்களுக்கு வெட்கமாயிருக்கும் என்று, அவர்களுக்காகவே சிறிய பத்திரிகை ஒன்றை அச்சடித்து, ஜில்லாச் செய்திகளையே பாடமாக வைத்தார். கையில் பத்திரிகையை வைத்துக் கொண்டிருப்பவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? இது அற்பக் காரியமாகத் தோன்றும். முதியோர் கல்வியில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க, கல்லூரியின் விஷயத்துக்கு வருவோம்.

1901 ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் என்ற ஊரில், உயர்நிலைப் பள்ளியிலேயே மேலே இரண்டு வருஷப் படிப்பைச் சேர்த்து ஒரு சிறு கல்லூரி ஆரம்பித்தார்கள். முதலில் சேர்ந்த மாணவர்கள் 6 பேர். சர்க்கார் செலவில் நடந்த இப்படிப்பட்ட கல்லூரிகளில் இன்றளவும் நீடித்து நடப்பவற்றுள் இதுவே மூத்தது. பின்பு 1944 இல், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவு கொடுக்கச் சட்டம் செய்ததும் இக்கல்லூரிகளுக்குக் கூட்டம் வந்தது. 1947 இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிட்டி, ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட கல்லூரி வேண்டும், சமுதாயம் முழுவதற்கும் அது பயன்பட வேண்டும் என்று சொல்லிற்று. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நிலைத்தது அதிலிருந்துதான். இன்று ஏறக்குறைய 1,000 கல்லூரிகள் இருக்கின்றன. 1964 இல் வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் முதியோர் அடிப்படைக் கல்விக்கு மத்திய சர்க்கார் பணம் ஒதுக்கியது. 1966 இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. இந்தப் பணத்தைக் கொண்டு சில மாகாணங்களில் பள்ளிக்கூட போர்டுகளும், வட கரோலினா, வாஷிங்டன் முதலிய மாகாணங்களில் சமுதாயக் கல்லூரிகளும் வகுப்பு நடத்துகின்றன.

இந்தக் கல்லூரியின் முக்கிய லட்சணம், வாசலில் 'நீ யார், எவ்வளவு மார்க்கு?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை என்பது. பதினெட்டு வயது நிரம்பியவர் யாராயினும் பெரும்பாலும் சேரலாம். நம்முடைய கல்லூரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது யாரை உள்ளே விடக் கூடாது என்கிற பட்டியல்தானே!

உள்ளே போனவன் என்ன படிப்பான்? அட்சரம் தெரியாதவனுக்கு அட்சரத்திலிருந்து ஆரம்பம். முதியோர் அடிப்படைக் கல்வி என்பதை ஏறக்குறைய எட்டாம் வகுப்பு வரையிலான படிகளாகவும், அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான இரண்டு படிகளாகவும் பிரித்திருக்கிறார்கள். வேறு தேசங்களிலிருந்து குடியேறியவர்களுக்கு ஆங்கில வகுப்புத் தனி. பல கல்லூரிகளில் இந்த வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை. சிலவற்றில் சொற்பத் தொகை. காலை வகுப்பு உண்டு, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு. கல்லூரிக் கட்டடத்தில் மாத்திரமல்லாமல் வாசகசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை இவற்றிலும் நடக்கின்றன. சிறையில் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்ட பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2013 இல் வெளியான அறிக்கை ஒன்று, படித்து வெளியே வந்தவர்கள் மறுபடியும் சிறைக்குத் திரும்புவது 13 சதவீதப் புள்ளி குறைவு என்று கண்டது. பூஜையோ பிரசங்கமோ இவ்வளவு குறைத்ததாக யாரும் கணக்குக் காட்டக் காணோம்.

பாடம் நடத்துகிற முறையையும் சொல்ல வேண்டும். முக்காலும் அரைக்காலும் கூட்டுவது எப்படி என்று பலகையில் எழுதினால் நாற்பது வயதுத் தச்சனுக்குத் தூக்கம் வரும். அளவு நாடாவைக் கையில் கொடுத்து, அங்குலத்தை எட்டாகவும் பதினாறாகவும் பிரித்திருக்கிற கோடுகளைக் காட்டினால், அவன் வாத்தியாருக்கே சொல்லிக் கொடுப்பான். ஏனென்றால் பின்னம் அவன் கையில் இருபது வருஷமாக இருக்கிறது; அதைக் காகிதத்தில் எழுதும் முறை ஒன்றுதான் தெரியாது. அதுபோலவே சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று பார்ப்பது சதவீதக் கணக்கு. மருந்தை எத்தனை வேளை, எவ்வளவு என்று பார்ப்பது வாசிப்புப் பாடம். குழந்தைக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுத்து எழுத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரியவனுக்கு உலகம் தெரியும்.

கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர்கள் அதற்குச் சமமான சான்று பெறுவதற்கானது. 1942 இல், படிப்பை நடுவில் விட்டுச் சேனையில் சேர்ந்தவர்களுக்காக ஏற்படுத்தினார்கள். மொழி, கணக்கு, விஞ்ஞானம், சமூகப் பாடம் என்று இப்போது நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. வேலைக்காரி ஒருத்தி இந்த மாதம் ஒன்றும் அடுத்த பருவத்தில் ஒன்றுமாக எழுதித் தேறலாம்.

தோழர்களே! இவ்வளவும் கேட்டு, 'ஆகா, என்ன அருமையான ஏற்பாடு' என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருப்பீர்கள். இனிமேல் சொல்லப் போவதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நல்ல எண்ணத்தோடு வைத்த ஏணி எப்படிச் சுவராக மாறியது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பள்ளிச் சான்று உள்ளவர்களும் சமநிலைச் சான்று பெற்றவர்களும் கல்லூரிப் பாடங்களில் சேர வரும்போது அவர்களுக்குத் தகுதிப் பரீட்சை ஒன்று வைத்தார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் எழுதி முடிக்கிற காரியம். இதற்காகத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அதில் மார்க்குக் குறைந்தால் நேரே கல்லூரிக் கணக்கில் சேர்க்காமல், கீழே ஒரு படி, இரண்டு படி, மூன்று படி இறக்கி, தொடக்க வகுப்புகளில் உட்கார வைப்பார்கள். அந்த வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் பட்டத்துக்கு அவை கணக்கில் சேரமாட்டா. 2003 இல் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களை 6 வருஷம் தொடர்ந்து பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குப் பேர் இத்தகைய வகுப்பு ஒன்றையாவது படித்தவர்கள் என்று தெரிந்தது.

படி வைத்தால் ஏறத்தானே சௌகரியம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேரை மூன்று படி கீழே இறக்கி விடுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 100 க்கு 70 பேர் தேறுகிறார்கள். தேறினவர்களில் 100 க்கு 80 பேர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள் என்றும் கொள்ளுங்கள். மோசமில்லை அல்லவா? முதல் வகுப்பில் தேறுவது 70, அடுத்ததில் சேருவது 56, தேறுவது 39, மூன்றாவதில் சேருவது 31, தேறுவது 22. கல்லூரிக் கணக்கு என்கிற வாசலுக்கு வந்து நிற்கிறவர்கள் 22 பேர். மற்ற 78 பேரும் மூடர்களா? இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, வேலை நேரம் மாறிற்று, வண்டி பழுதாயிற்று, பணம் தீர்ந்தது. படிகள் கூடக்கூட விழுவதற்கு இடம் கூடிற்று. இது நாம் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. உண்மைக் கணக்கைக் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2010 இல் எடுத்தார்கள். கணக்கில் தொடக்க வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் அந்த வகுப்புகளையெல்லாம் முடித்தவர்கள் 100 க்கு 33 பேர். வாசிப்பில் 46 பேர். அனுப்பப்பட்ட முதல் வகுப்பிலேயே சேராமல் போய்விட்டவர்களும் பலர்.

சரி, இறக்கி வைத்தது நியாயமாகவாவது இருந்ததா? அதையும் 2012 இல் ஆராய்ந்தார்கள். அந்தப் பரீட்சை கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒருவரையும், ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரையும் தவறான வகுப்புக்கு அனுப்பியிருக்கிறது என்று கண்டார்கள். நேரே கல்லூரிப் பாடத்தில் சேர்த்திருந்தால் நன்றாகத் தேறியிருக்கக் கூடியவர்களைக் கீழே தள்ளியதுதான் இதில் அதிகம். ஒருவன் பள்ளியில் நாலு வருஷம் வாங்கிய மார்க்கைப் பார்த்தாலே அவன் தேறுவானா மாட்டானா என்பதை இதைவிட நன்றாகச் சொல்லிவிடலாம் என்றும் கண்டார்கள்.

இதை என்னவென்று சொல்லுவது? நம் ஊரில் பிறந்த நாழிகையைப் பார்த்து ஜாதகம் எழுதுகிறான். அங்கே பரீட்சை எழுதிய நாழிகையைப் பார்த்து எழுதினார்கள். பஞ்சாங்கத்துக்குப் பதில் கம்ப்யூட்டர். பலன் ஒன்றுதான்: 'உனக்கு மூன்று கட்டம் கீழே, இரண்டு வருஷம் தோஷம்.' யந்திரம் சொல்லுகிறபடியால் இது விஞ்ஞானம் என்று படித்தவர்களே நம்பினார்கள். யந்திரத்தில் வந்தாலும், ஏட்டில் வந்தாலும், சொன்ன பலன் நடந்ததா என்று கேட்டு எண்ணிப் பார்ப்பதுதான் பகுத்தறிவின் வேலை. எண்ணிப் பார்த்ததும் குட்டு வெளியாகிவிட்டது. அதிகமாகப் பழக்கத்திலிருந்த இப்பரீட்சைகளில் ஒன்றை, நடத்திய கம்பெனியே 2016 இல் நிறுத்திவிட்டது. கலிபோர்னியா மாகாணம் 2017 இல் சட்டம் செய்து, பள்ளி மார்க்கைப் பார்த்தே சேர்க்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் கல்லூரிக் கணக்கும் ஆங்கிலமும் முடிக்கும் வாய்ப்பை மாணவனுக்கு அதிகமாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. டென்னஸி மாகாணம் 2015 இலேயே, தொடக்க வகுப்பைத் தனியாக முதலில் வைக்காமல், கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து ஒரே பருவத்தில் துணை வகுப்பாக வைக்கும் முறைக்கு மாறிற்று.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. 'அடி தெரியாதவனை நேரே மேல் வகுப்பில் தள்ளுகிறீர்களே, அவன் தேற மாட்டானே' என்று உபாத்தியாயர்கள் பலர் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கலிபோர்னியாவில் வகுப்பில் தேறுகிறவர்களின் சதவீதம் முன்னைவிடக் குறைந்துதான் போயிற்று. ஆனால் முன்பு வாசலுக்கே வராமல் போனவர்களையும் சேர்த்து எண்ணினால், தேறியவர்களின் தொகை வெகுவாகக் கூடிற்று. எதை எண்ணுவது என்பதில்தான் சண்டை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை மாத்திரம் எண்ணினால் ஒரு கணக்கு. வெளியே நிற்பவர்களையும் எண்ணினால் வேறு கணக்கு. நாம் வெளியே நிற்பவர்களையும் எண்ணச் சொல்லுகிற கட்சி. அப்படிச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லுகிறோம். ஒரு வாக்கியத்தைக் கூட்டிப் படிக்க முடியாதவனும், பள்ளி விட்டுப் பத்து வருஷமானதால் பின்னத்தை மறந்துவிட்டவனும் ஒன்றல்ல. பின்னம் மறந்தவனுக்குத் துணை வகுப்புப் போதும். வாசிக்கத் தெரியாதவனுக்கு அடிப்படைக் கல்வி முழுசாக வேண்டும். சீர்திருத்தம் என்ற பெயரால் அவன் வகுப்பையும் சேர்த்து மூடிவிட்டால் அது பெரிய அக்கிரமமாகும்.

அவனுக்கு என்ன வழி என்றால், வாஷிங்டன் மாகாணத்தில் 2004 முதல் செய்துவருகிற ஏற்பாட்டை நாம் மெச்சுகிறோம். முதலில் அடிப்படைக் கல்வி முழுவதும் முடி, பிறகு தொழில் கற்றுக்கொள் என்று சொல்லாமல், ஒரே அறையில் இரண்டு உபாத்தியாயர்களை நிறுத்துகிறார்கள். ஒருவர் பற்றவைப்பு வேலையோ நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையோ சொல்லிக் கொடுக்கிறார். மற்றவர் அந்தத் தொழிலுக்கு வேண்டிய வாசிப்பையும் கணக்கையும் அங்கேயே சொல்லிக் கொடுக்கிறார். நாடி பார்த்து எழுதும்போதே எழுத்துப் பாடம் நடந்துவிடுகிறது. இரண்டு சம்பளம் ஆகிறதே என்று கணக்கப்பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். ஒரு வகுப்பை மூன்று தடவை தோற்றுப் படிக்கிறவனுக்கு ஆகும் செலவை அவர்கள் எந்தப் பேரேட்டில் எழுதுகிறார்களோ தெரியவில்லை.

நியூயார்க் நகரத்தில் 2007 இல் ஆரம்பித்த ஏற்பாடு ஒன்றையும் கேளுங்கள். தொடக்க வகுப்புத் தேவையான மாணவர்கள் 896 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் படிப்பு. மற்றப் பிரிவுக்கு, குறைகிற கட்டணத்தைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளுதல், இலவசமாகப் புத்தகம், அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கிற ஆலோசகர், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாதப் பாஸ் ஆகியவற்றைக் கொடுத்து, முழு நேரம் படிக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து எண்ணினார்கள். வழக்கப்படி படித்தவர்களில் பட்டம் பெற்றவர்கள் 100 க்கு 22. மற்றப் பிரிவில் 40. இரண்டு பிரிவாரும் ஒரே மாதிரி மாணவர்கள். மூளையில் வித்தியாசமில்லை, ஜாதகத்திலும் வித்தியாசமில்லை. வித்தியாசம் புத்தகத்திலும் பஸ் பாஸிலும் விசாரித்த மனிதரிலும் இருந்தது. 'அவனுக்குப் படிப்பு ஏறாது' என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், பஸ் பாஸ் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

குறையையும் சொல்லிவிடுவோம். இந்த அடிப்படை வகுப்புகளின் உபாத்தியாயர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். ஓரிடத்தில் காலை வகுப்பு, மற்றோரிடத்தில் மாலை வகுப்பு என்று ஓடி, வருஷா வருஷம் வேலை உண்டா இல்லையா என்று காத்திருப்பவர்கள். ஏழைக்குக் கற்றுக் கொடுக்கிறவனையும் ஏழையாகவே வைத்திருப்பது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான வழக்கம் போலிருக்கிறது!

இனி நம் பக்கத்து விஷயம். இந்தச் சமுதாயக் கல்லூரி என்கிற விதை நம் நாட்டுக்கு வராமலில்லை. 1995 இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996 இல் சென்னையில் கத்தோலிக்கப் பாதிரிமார்களும் இத்தகைய கல்லூரிகளை ஆரம்பித்து, பள்ளியை நடுவில் விட்டவர்களைச் சேர்த்துத் தொழில் கற்பித்தார்கள். பாதிரிமார்களுக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையல்ல. ஆனாலும் செய்ததைச் செய்ததென்று சொல்லித்தான் ஆக வேண்டும். எழுத்தறிவில் 1991 இல் புதுக்கோட்டை மாவட்டம் காட்டிய வேகத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிச்சுவடி கற்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டு ரோட்டில் போனபோது, வாய்பேசியவர்கள் பேசிக் களைத்துப் போனார்கள், சைக்கிள்கள் நிற்கவில்லை. நம்மிடம் இல்லாதது, இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது. இங்கே எழுத்தறிவு ஒரு இலாகா, தொழிற்பயிற்சி வேறு இலாகா, கல்லூரி இன்னொரு வகை. கையெழுத்துப் போடக் கற்ற அம்மாளுக்கு, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வழி சொல்லுகிறவர் இல்லை. கேட்டவரும் ஒரு வருஷத்தில் கையெழுத்தையும் மறந்து மறுபடி பெருவிரலை நீட்டுகிறார்.

நாம் பேசிக் கொண்டிருக்கும்போது தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'குழந்தையை யார் பார்த்துக் கொள்ளுவார்கள்?' என்று எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நேரம் நாம் சொன்ன எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி. அமெரிக்கக் கல்லூரிகளில் சிலவற்றில் வளாகத்துக்குள்ளேயே குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் இடம் வைத்திருக்கிறார்கள்; அதற்கு மத்திய சர்க்கார் தனியாகக் கொஞ்சம் மானியமும் கொடுக்கிறது. ஆனால் 2015 ஆம் ஆண்டுக் கணக்கின்படி சமுதாயக் கல்லூரிகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் அது இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஆகையால் அங்கேயும் இதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இந்த வாசகசாலையில் இரவு வகுப்பு வைப்பதாக இன்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். தீர்மானத்தில் உபாத்தியாயர் யார், விளக்கு யார், பலகை யார் என்று எழுதியிருக்கிறதாம். குழந்தைகளைப் பின்கட்டில் வைத்துக் கொள்ள இரண்டு ஆண்பிள்ளைகளின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டு, பிறகு ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக் கொண்டு உட்காருகிறோம்.